பல வருஷம் கழித்து மறுபடி பைக்: ஸ்போர்ட் டூரருக்குத் திரும்புகிறவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பத்து, பதினைந்து வருஷம் பைக்கைத் தொடாமல் இருந்துவிட்டு, நேராகப் போய் ஒரு பெரிய ஸ்போர்ட் டூரரை (வேகமாகவும் நீண்ட தூரமும் ஓட்டுவதற்கான பைக்கை) வாங்கும் நண்பர்கள் பலரோடு ஆரம்ப வாரங்களில் கூடவே இருந்திருக்கிறேன். கிட்டத்தட்ட எல்லோரும் பயப்படுவது வேகத்துக்கு. ஆனால் பைக் கீழே விழுவது பெட்ரோல் பங்கில், வீட்டு வாசலில், யூ டர்ன் எடுக்கும் இடத்தில், நடக்கிற வேகத்தில். அதற்கு அடுத்த பிரச்சினை பிரேக். பவர் மூன்றாவதாகத்தான் வருகிறது.

யமஹா ஆர்.எக்ஸ். 100-ல் 11 குதிரைத் திறன், எடை நூறு கிலோவைச் சுற்றி. டிரையம்ப் டைகர் ஸ்போர்ட் 660 2022-ல் இந்தியாவுக்கு வந்தபோது 81 குதிரைத் திறன், 206 கிலோ. கவாஸாகி நிஞ்ஜா 1000 எஸ்.எக்ஸ். 142 குதிரைத் திறன், 238 கிலோ. உங்கள் கையும் காலும் ஞாபகம் வைத்திருப்பது அந்தப் பழைய நூறு கிலோ வண்டியை. இதை மனதில் வைத்துத்தான் கீழே உள்ள வரிசையைப் போட்டிருக்கிறேன். ஒவ்வொரு படியும் அடுத்ததற்குத் தேவை என்பதால் நடுவில் எதையும் தாண்ட வேண்டாம்.

1. லைசென்ஸும் இன்சூரன்ஸும்

லைசென்ஸை எடுத்து இரண்டு விஷயம் பாருங்கள். கியர் உள்ள இரு சக்கர வாகனத்துக்கான அனுமதி அதில் இருக்கிறதா? காலாவதி தேதி என்ன? காருக்காக ஒரு தடவை புதுப்பித்தபோது இரண்டும் சேர்ந்தே புதுப்பிக்கப்பட்டிருக்கும் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். கார்டை நேரில் பார்த்தால்தான் தெரியும்.

காலாவதியாகி ஒரு வருஷத்துக்குள் என்றால் அரசின் பரிவாகன் இணையதளத்தில் விண்ணப்பித்துப் புதுப்பிக்கலாம். நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கு படிவம் 1ஏ மருத்துவச் சான்றிதழ் வேண்டும். ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டால் மறுபடி ஓட்டிக் காட்ட வேண்டியிருக்கும். பைக் வாங்கியபின் இதைக் கவனித்தால் வண்டி வாசலில் நிற்கும், நீங்கள் ஆர்.டி.ஓ. ஆபீஸில் நிற்பீர்கள். லைசென்ஸ் செல்லாத நிலையில் விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கிளெய்மும் சிக்கலாகும்.

பழைய பைக் வாங்கினால் ஆர்.சி. பெயர் மாற்றத்தோடு இன்சூரன்ஸையும் 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பியுங்கள். பெரிய பைக்கில் ஒரு ஃபேரிங் (முன்னும் பக்கமும் மூடியிருக்கும் பிளாஸ்டிக் உறை) உடைந்தாலே செலவு கையைக் கடிக்கும், அதனால் தேய்மானம் கழிக்காத பாலிசியை முதல் இரண்டு வருஷமாவது எடுத்துக்கொள்வது நல்லது.

2. உடம்பைத் தயார் பண்ணுங்கள்

பைக் புக் பண்ணி டெலிவரிக்குக் காத்திருக்கும் நாட்களை இதற்குப் பயன்படுத்துங்கள். தேவை மூன்று: தொடை வலு, முதுகு வலு, கழுத்து திரும்பும் அளவு.

தொடைக்கும் முதுகுக்கும் காரணம் இருக்கிறது. ஸ்போர்ட் டூரரில் உடம்பு கொஞ்சம் முன்னால் சாய்ந்திருக்கும். தொடையால் டேங்கைப் பிடித்து, முதுகால் உடம்பைத் தாங்கினால்தான் கை லேசாக இருக்கும். இல்லையென்றால் உடம்பு எடை முழுக்க மணிக்கட்டில் இறங்கும். மணிக்கட்டில் எடை இறங்கியவர் ஹேண்டிலை இறுக்கிப் பிடிப்பார், இறுக்கிப் பிடித்தவரால் வளைவில் வண்டியைத் திருப்ப முடியாது. தினமும் உட்கார்ந்து எழுவதும், ஒரு நிமிஷம் பிளாங்கும் போதும்.

கழுத்தைச் சோதிக்க நாற்காலியில் உட்கார்ந்து தோளுக்குப் பின்னால் பாருங்கள். முதுகைத் திருப்பாமல் பார்க்க முடியவில்லை என்றால் யூ டர்ன் கஷ்டப்படும்.

கண் பரிசோதனை கட்டாயம். நாற்பதுக்கு மேல் வெள்ளெழுத்து வந்திருக்கும், இரவில் எதிர் வண்டி வெளிச்சம் கூசும். கண்ணாடியோடு ஹெல்மெட் போட முடிகிறதா என்று கடையிலேயே பாருங்கள். பிரஷருக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் நீண்ட பயணம் பற்றி டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். தூக்கம் வரவைக்கும் சளி மாத்திரை போட்ட நாளில் பைக்கை எடுக்க வேண்டாம்.

3. கவசத்துக்கான பணத்தை முதலில் ஒதுக்குங்கள்

பட்ஜெட் முழுவதையும் பைக்குக்குச் செலவழித்துவிட்டு, மீதியில் கவசம் வாங்குவதுதான் வழக்கமாக நடக்கிற தவறு. தலைகீழாகச் செய்யுங்கள்.

பரணில் இருக்கும் பழைய ஹெல்மெட்டை விட்டுவிடுங்கள். உள்ளே இருக்கும் தெர்மோகோல் மாதிரியான அடுக்குதான் அடியை வாங்குவது. வியர்வை, சூடு, வயசு சேர்ந்து ஐந்து வருஷத்தில் அதன் தரம் போய்விடுகிறது என்பதால் மாற்றச் சொல்கிறார்கள். புதிதில் ஐ.எஸ்.ஐ. முத்திரை சட்டப்படி கட்டாயம், அதோடு ஐரோப்பிய இ.சி.இ. 22.06 சான்றும் இருந்தால் இன்னும் நல்லது. முழு முகத்தையும் மூடுவதுதான் வேண்டும். போட்டு, ஸ்ட்ராப்பை மாட்டி, பின்பக்கக் கீழ் விளிம்பைப் பிடித்து முன்னால் தள்ளச் சொல்லுங்கள். தலையிலிருந்து கழன்று வந்தால் அந்த அளவு உங்களுக்கு இல்லை. கன்னம் கொஞ்சம் அழுந்துவது சரியான அளவுக்கு அடையாளம், நெற்றியில் ஒரே இடத்தில் குத்தினால் வேறு மாடலைப் பாருங்கள்.

ஜாக்கெட் விஷயத்தில் நம் ஊர் வெயிலை மறக்கக் கூடாது. கனமான தோல் ஜாக்கெட்டை வாங்கிவிட்டு, மே மாதத்தில் வீட்டில் மாட்டி வைத்துவிட்டு டீ சர்ட்டில் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். காற்று புகும் மெஷ் ஜாக்கெட், தோள், முழங்கை, முதுகில் பாதுகாப்புப் பட்டைகளோடு, வாங்குங்கள். தினமும் போடக்கூடியதுதான் உங்களைக் காப்பாற்றும். கையுறை உள்ளங்கை எலும்பை மூட வேண்டும், ஷூ கணுக்காலை மூட வேண்டும். ஷூ லேஸ் வெளியே தொங்கக் கூடாது. கியர் லீவரில் மாட்டி, நிற்கும்போது கால் ஊன்ற முடியாமல் அப்படியே சாய்ந்துவிடுவீர்கள்.

4. பைக்கைத் தேர்ந்தெடுப்பது

என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். திரும்பி வருகிற முதல் வருஷத்துக்கு 650, 700 சிசி அளவு போதும். நம் நெடுஞ்சாலையில் அதற்கு மேல் பயன்படுத்தச் சந்தர்ப்பமே குறைவு. லிட்டர் பைக் (1000 சிசி அளவு) வாங்குவதில் தப்பில்லை, ஆனால் எடையும் சூடும் செலவும் கூடுகிறது, தவறுக்கு இடம் குறைகிறது.

ஷோரூமில் உட்கார்ந்து பார்ப்பது போதாது. சீட் உயரம் 835 மில்லிமீட்டர் என்று காகிதத்தில் இருப்பதை வைத்தும் முடிவெடுக்க முடியாது. சீட் அகலமாக இருந்தால் அதே உயரத்தில் கால் இன்னும் குறைவாகத்தான் எட்டும். நீங்கள் ஓட்டப்போகும் ஷூவைப் போட்டுக்கொண்டு போங்கள். ஒரு காலை முழுப் பாதமாக ஊன்ற முடிந்து, இன்னொரு காலின் விரல்பகுதி தரையைத் தொட்டால் போதும். இரண்டு பக்கமும் விரல் நுனி மட்டும்தான் எட்டுகிறது என்றால் அந்தப் பைக் இப்போதைக்கு வேண்டாம்.

டெஸ்ட் ரைடில் ஹைவேயில் முறுக்கிப் பார்ப்பதைவிட, ஒரு யூ டர்ன், ஒரு டிராஃபிக் சிக்னல், ஒரு பெரிய வேகத்தடை மூன்றையும் கேளுங்கள். நிஞ்ஜா 1000 எஸ்.எக்ஸ்.-ன் தரை இடைவெளி 135 மில்லிமீட்டர்தான். உங்கள் தெரு வேகத்தடையின் உயரம் உங்களுக்குத்தான் தெரியும்.

பழைய பைக் என்றால் டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2321 என்று இருந்தால் 2021-ன் 23-வது வாரத்தில் தயாரானது. பெரிய பைக்குகள் பெரும்பாலும் நின்றே கிடப்பதால் ரப்பர் தேயாமல் இருக்கும், ஆனால் காய்ந்து கட்டியாகியிருக்கும். அந்த டயரை மாற்றும் செலவையும் விலையில் சேர்த்துப் பேசுங்கள். ஹேண்டிலைக் கடைசிவரை திருப்பி, ஃபிரேமில் அது முட்டும் இடத்தில் நசுங்கல் இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் பலமாக விழுந்த வண்டி.

5. இன்ஜினை ஆன் பண்ணாமல் ஒரு மாலை

டெலிவரி எடுத்த அன்றே ஊர் சுற்றக் கிளம்ப வேண்டாம். வண்டியைப் பழக்கமான ஒருவரை வீட்டுக்கு ஓட்டிவரச் சொல்லுங்கள். அன்று மாலை, சமதளமான இடத்தில், இன்ஜின் ஆஃபில் இதையெல்லாம் செய்யுங்கள்.

இடது பக்கம் நின்று, இடுப்பை டேங்கோடு ஒட்டி, பைக்கை முன்னும் பின்னும் தள்ளுங்கள். இடது கை ஹேண்டிலில், வலது கை பின்சீட்டுக் கைப்பிடியில். எடை உங்கள் பக்கம் துளி சாய்ந்திருக்க வேண்டும். நேராக நிறுத்தினால் எப்போது வேண்டுமானாலும் அந்தப் பக்கம் போகும், அந்தப் பக்கம் போனால் பிடிக்க முடியாது.

அதேபோல பைக்கின் மேல் உட்கார்ந்து, மெதுவாக ஒரு பக்கம் சாய்த்துப் பாருங்கள், மறு பக்கம் ஒருவரை நிற்க வைத்துக்கொண்டு. ஓரளவு வரைக்கும் கால் தாங்கும். அதைத் தாண்டியதும் திடீரென்று கனம் முழுவதும் வரும். அந்தக் கோணம் எங்கே இருக்கிறது என்று உடம்புக்குத் தெரியவேண்டும். தாண்டிவிட்டால் இழுத்துப் பிடிக்க முயலாமல் விட்டுவிடுங்கள். லீவரையும் கண்ணாடியையும் மாற்றலாம், முதுகு டிஸ்க்கை மாற்ற முடியாது.

விழுந்த பைக்கைத் தூக்கும் முறை: இன்ஜினை ஆஃப் பண்ணுங்கள். வலது பக்கம் விழுந்திருந்தால் சைடு ஸ்டாண்டை முன்னாலேயே இறக்கிவிடுங்கள், இடது பக்கம் விழுந்திருந்தால் கியரில் போட்டு வையுங்கள். பைக்குக்கு முதுகைக் காட்டி, சீட் விளிம்பில் பின்புறத்தை வைத்து, ஒரு கை ஹேண்டிலில், ஒரு கை பின்கைப்பிடியில் பிடித்து, சின்னச் சின்ன அடியாகப் பின்னால் நடந்து தொடையால் தள்ளுங்கள். குனிந்து கையால் தூக்கவே கூடாது.

அப்புறம் லீவர்கள். கிளட்ச், பிரேக் லீவர்களின் தூரத்தையும் கோணத்தையும் உங்கள் விரலுக்கு ஏற்ப மாற்றுங்கள். முன்கையும் விரலும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும். இதைச் செய்யாமல் மாதக்கணக்கில் மணிக்கட்டு வலியோடு ஓட்டுகிறவர்கள் உண்டு.

இன்றைய வண்டிகளில் இருக்கும் சில பாதுகாப்புகள் பழைய ஆட்களைக் குழப்பும். சைடு ஸ்டாண்டு இறங்கியிருக்கும்போது கியர் போட்டால் இன்ஜின் நின்றுவிடும். கியரில் இருக்கும்போது கிளட்ச் பிடிக்காமல் ஸ்டார்ட் ஆகாது. வலது கைச் சிவப்பு சுவிட்ச் தெரியாமல் பட்டு ஆஃப் ஆகியிருந்தாலும் ஸ்டார்ட் ஆகாது. ஹெட்லைட்டை அணைக்க சுவிட்சே இருக்காது, 2017 ஏப்ரலிலிருந்து புது வண்டிகளில் விளக்கு எப்போதும் எரிய வேண்டும் என்று விதி. ரைடிங் மோடை ரெயினில் (பவர் மென்மையாக வரும் மழைக்கால அமைப்பு) வைத்துவிடுங்கள். முதல் சில வாரத்துக்கு அதுதான்.

6. பழைய கை கால் பழக்கத்தை அடையாளம் காணுங்கள்

புதிதாகக் கற்றுக்கொள்பவருக்கு இல்லாத ஒரு ஆபத்து திரும்பி வருகிறவருக்கு உண்டு: யோசிக்காமலே செய்யும் பழைய பழக்கம்.

பழைய புல்லட் ஓட்டியவர்களுக்கு கியர் வலது காலில், பிரேக் இடது காலில். முதல் கியர் மேலே, மற்றது கீழே. ஸ்பிளெண்டர் ஓட்டியவர்களுக்கு நான்கு கியரும் முன்னால் அழுத்துவது. இன்றைய ஸ்போர்ட் டூரர்களில் கியர் இடது காலில், முதல் கியர் கீழே, அதற்கு மேல் ஐந்தும் காலை அடியில் கொடுத்துத் தூக்க வேண்டும்.

சாதாரணமாக ஓட்டும்போது இது தப்பாது, அவசரத்தில்தான் தப்பும். மூன்றாவது கியரில் வேகமெடுக்கும்போது நான்காவதுக்குப் போகிறேன் என்று கீழே அழுத்தினால் இரண்டாவது விழும். இன்றைய ஸ்லிப்பர் கிளட்ச் பின் சக்கரம் பூட்டிக்கொள்வதை ஓரளவு தடுக்கும், ஆனால் பின்னால் வரும் லாரிக்காரருக்கு நீங்கள் திடீரென்று வேகம் குறைத்தது தெரியாது. வலது காலில் கியர் பழகியவர் பயந்துபோய் இடது காலை மிதித்தாலும் அதே கதைதான்.

தீர்வு எளிது, ஆனால் யாரும் செய்வதில்லை. சென்டர் ஸ்டாண்டோ பேடாக் ஸ்டாண்டோ (பின் சக்கரத்தைத் தூக்கி நிறுத்தும் தனி ஸ்டாண்டு) போட்டு, இன்ஜின் ஆஃபில், பின் சக்கரத்தைக் கையால் யாராவது சுற்ற, ஒன்றிலிருந்து ஆறு வரை போட்டு இறக்கிப் பழகுங்கள். ரோட்டுக்குப் போன பிறகு முதல் சில நாள் ஒவ்வொரு கியரையும் மனதுக்குள் சொல்லிக்கொண்டே போடுங்கள். குவிக் ஷிஃப்டர் (கிளட்ச் பிடிக்காமலே கியர் மாற்றும் வசதி) இருந்தாலும் இப்போதைக்கு கிளட்சைப் பிடித்தே மாற்றுங்கள், இடது கைக்கு அந்தப் பழக்கம் வேண்டும்.

7. மெதுவான வேகம்: அதிக நேரம் இங்கேதான்

ஞாயிற்றுக்கிழமை காலையில் காலியாக இருக்கும் ஒரு மைதானமோ, பார்க்கிங் இடமோ, அனுமதி வாங்கிப் பிடித்துக்கொள்ளுங்கள். மண் இல்லாத தார் அல்லது சிமெண்ட் தரை வேண்டும். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஒரு நாளில் வேண்டாம், களைத்த பிறகுதான் பைக்கைப் போடுவார்கள்.

முதலில் கிளட்ச் பிடிக்கும் இடம். முதல் கியரில், இரண்டு காலும் தரையில், ஆக்சிலேட்டரே கொடுக்காமல் கிளட்சை மெல்ல விடுங்கள். வண்டி நகரத் துடிக்கும் இடத்தில் நிறுத்தி, மறுபடி பிடியுங்கள். திரும்பத் திரும்பச் செய்யுங்கள். பெரிய இன்ஜின் சும்மா நிற்கும்போதே வண்டியை இழுக்கப் போதுமான விசையோடு இருக்கும்.

அடுத்தது நடக்கிற வேகத்தில் நேர்க்கோடு. ஆக்சிலேட்டர் கொஞ்சமாக, மாறாமல். ஹாஃப் கிளட்ச், அதாவது கிளட்சைப் பாதி மட்டும் விட்டபடி. பின் பிரேக்கில் வலது கால் லேசாக. இந்த மூன்றும் சேர்ந்துதான் மெதுவான வேகத்தில் பெரிய பைக்கை நிமிர்த்தி வைக்கிறது. பின் பிரேக்குக்கு எதிராக இன்ஜின் இழுத்துக்கொண்டிருப்பதால் வண்டி நிதானமாக இருக்கும், தூக்கித் தூக்கிப் போடாது. ஹாஃப் கிளட்ச் பிடித்தால் கிளட்ச் போய்விடும் என்று வீட்டில் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். இந்த வண்டிகளின் கிளட்ச் ஆயிலில் ஊறியது, நடுநடுவே ஓய்வு கொடுத்தால் இந்தப் பயிற்சிக்குத் தாங்கும்.

இந்த வேகத்தில் முன் பிரேக்கைத் தொடவே கூடாது. பெட்ரோல் பங்கில் விழுவது எப்படி என்று நிதானமாகப் பாருங்கள். ஒருவர் ரோட்டிலிருந்து இடது பக்கம் திரும்பி உள்ளே வருகிறார். முன்னால் ஒரு ஸ்கூட்டர் நிற்கிறது. ஹேண்டில் இன்னும் திரும்பியபடி இருக்கும்போதே வலது கை விரல் நான்கும் பிரேக் லீவரை இழுக்கிறது. முன் ஃபோர்க் (முன் சக்கரத்தைத் தாங்கும் சஸ்பென்ஷன்) இறங்குகிறது, வண்டியின் எடை முழுவதும் ஹேண்டில் திரும்பிய பக்கம் சரிகிறது, இடது கால் ஊன்றும் இடத்தில் சிந்திய டீசல். முடிந்தது. அதே இடத்தில் முதலில் ஹேண்டிலை நேராக்கி, பின் பிரேக்கால் நிறுத்தியிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது.

எனவே நிறுத்துவதையே தனிப் பயிற்சியாக எடுங்கள். ஹேண்டில் நேராக, கண் தூரத்தில், வலது கால் பிரேக்கில், இடது கால் மட்டும் கீழே. இரண்டு காலையும் தொங்கவிட்டபடி தரையைத் தேய்த்துக்கொண்டு நிறுத்துகிறவர்கள் பின் பிரேக்கை இழந்துவிடுகிறார்கள், மீதி இருப்பது முன் பிரேக் மட்டும்.

அப்புறம் யூ டர்ன். பார்க்க வேண்டியது போய்ச் சேர வேண்டிய இடத்தை, முன் சக்கரத்தை இல்லை. தாடையைத் தோளுக்கு மேல் கொண்டுபோங்கள். வண்டி உள்பக்கம் சாயும், உங்கள் உடம்பு வெளிப்பக்கம் இருக்க வேண்டும். விழப்போவது போல இருந்தால் கிளட்சைப் பிடிக்காதீர்கள், பிடித்தால் இழுவிசை போய் கட்டாயம் விழும். ஒரு துளி விட்டுக்கொடுத்தால் நிமிரும். முதலில் தாராளமான அகலத்தில் ஆரம்பியுங்கள். நம் இரு வழி ரோட்டின் தார் அகலம் பொதுவாக ஏழு மீட்டர், அதற்குள் இரண்டு பக்கமும் திரும்ப முடிந்தால் அடுத்த படிக்குப் போகலாம். பெரும்பாலோருக்கு வலது பக்கம் கஷ்டமாக இருக்கும், அதனால் அதை இரண்டு மடங்கு செய்யுங்கள்.

கடைசியாக, ஏற்றத்தில் நின்று கிளம்புவது. பின் பிரேக்கில் பிடித்து, கிளட்ச் இழுக்க ஆரம்பித்ததும் காலை எடுங்கள். ஃப்ளைஓவரில் சிக்னல் விழும்போது இது தேவைப்படும்.

8. பிரேக்

டிரம் பிரேக் காலத்தில் பழகியவர்கள் காலைத்தான் நம்புவார்கள். முன் பிரேக் பிடித்தால் குப்புற விழுவாய் என்று சொல்லியே வளர்த்திருப்பார்கள். இந்த வண்டியில் அந்த அறிவுரை ஆபத்து. பிரேக் பிடித்ததும் எடை முன்னால் போகிறது, பின் சக்கரம் லேசாகிறது, லேசான சக்கரத்தால் வண்டியை நிறுத்த முடியாது. நிறுத்தும் வேலையின் பெரும்பங்கு முன் சக்கரத்தில்தான்.

ஆனால் இழுக்கும் விதம் முக்கியம். எலுமிச்சம்பழம் பிழிவது போல: முதலில் மெல்ல அழுத்தம், எடை முன்னால் வந்து ஃபோர்க் இறங்கியதை உணர்ந்ததும் முழு அழுத்தம். இரண்டு விரல் போதும். டயர் தரையில் அழுந்திய பிறகுதான் அதற்குப் பிடிப்பு கிடைக்கிறது, அதற்கு முன்னால் வெடுக்கென்று இழுத்தால் இல்லாத பிடிப்பைக் கேட்கிறீர்கள்.

அதே மைதானத்தில் 30 கி.மீ. வேகத்தில் ஆரம்பித்து, 40, 50 என்று கூட்டுங்கள். ஒவ்வொரு தடவையும் நிற்கும்போது முதல் கியரில் இருக்க வேண்டும், பின்னால் யாராவது இடிக்க வந்தால் தப்பிக்க அது வேண்டும். கடைசியில் வேண்டுமென்றே ஏ.பி.எஸ்.-ஐ (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் வசதி) வேலை செய்ய வையுங்கள். முதலில் பின் பிரேக்கில், அப்புறம் முன்னால். லீவர் விரலில் படபடவென்று துடிக்கும். இதைத் தெரியாதவர் ஏதோ உடைந்துவிட்டது என்று லீவரை விட்டுவிடுவார். விடாமல் பிடித்துக்கொண்டே இருப்பதுதான் கற்றுக்கொள்ள வேண்டியது. 125 சிசிக்கு மேற்பட்ட எல்லா புது வண்டிக்கும் 2019 ஏப்ரலிலிருந்து ஏ.பி.எஸ். கட்டாயம் என்பதால், அதற்கு முன்பே பைக்கை விட்டவர்களில் பலருக்கு இந்தத் துடிப்பு புதிது.

வேகம் இரண்டு மடங்கானால் நிற்கும் தூரம் நான்கு மடங்காகும். காய்ந்த நல்ல ரோட்டில், நன்றாக பிரேக் பிடிக்கத் தெரிந்தவருக்கு 60 கி.மீ. வேகத்திலிருந்து நிற்க 18 மீட்டர் வாக்கில், 100-லிருந்து 48 மீட்டர், 120-லிருந்து 70 மீட்டர். இது லீவரை இழுத்த பிறகு. கண் பார்த்து கை செயல்பட ஒரு வினாடி என்றால், 100 கி.மீ. வேகத்தில் அதற்குள்ளேயே 28 மீட்டர் போயிருப்பீர்கள். இந்த பைக்கில் 100 என்பது பழைய பைக்கில் 60 போலத்தான் தோன்றும், சத்தமும் அதிர்வும் இருக்காது. அதனால் ஸ்பீடோமீட்டரைப் பாருங்கள், உணர்வை நம்பாதீர்கள்.

9. வளைவு

இருபது, முப்பது கி.மீ. வேகத்துக்கு மேல் பைக் திரும்புவது ஹேண்டிலைத் தள்ளுவதால். வலது பக்கம் போக வலது கையால் ஹேண்டிலை முன்னால் தள்ள வேண்டும். முன்பும் இதைத்தான் செய்திருப்பீர்கள், தெரியாமல். நூறு கிலோ வண்டியை இடுப்பால் வளைத்துவிடலாம், இருநூறு கிலோ வண்டியைத் தெரிந்தே தள்ள வேண்டும். காலியான நேர் ரோட்டில் மெல்லத் தள்ளிப் பாருங்கள், உடனே புரியும்.

வரிசை இது: வளைவுக்கு முன்பே பிரேக், முன்பே கியர், முன்பே பார்வை. உள்ளே போனதும் ஆக்சிலேட்டரை மாறாமல் லேசாகப் பிடித்திருங்கள். திடீரென்று மூடினால் வண்டி தடுமாறும். வளைவு நினைத்ததைவிடக் கூர்மையாக இருந்தால் பார்வையை வெளியேறும் இடத்துக்குக் கொண்டுபோய் இன்னும் தள்ளுங்கள். பயத்தில் ஓரத்துத் தடுப்பைப் பார்த்தால் அங்கேயே போவீர்கள். டிராக்‌ஷன் கண்ட்ரோல் (பின் சக்கரம் வழுக்காமல் இன்ஜின் பவரைக் குறைக்கும் வசதி) இருக்கிறதே என்று எண்ண வேண்டாம், மணலில் சறுக்கும் முன் சக்கரத்தை அது காப்பாற்றாது.

இருங்காட்டுக்கோட்டை பந்தயத் தடத்திலோ கோவை கரி மோட்டார் ஸ்பீட்வேயிலோ பயிற்சி வகுப்பு நடக்கும்போது ஒரு நாள் போய்வருவது, அந்தப் பணத்துக்கு எந்த உதிரி அலங்காரத்தையும்விட மேல்.

10. ரோட்டுக்கு இறங்குவது

முதல் பயணங்கள் காலை ஆறு மணிக்கு, தெரிந்த ரோட்டில், ஒரு மணி நேரம். புது டயரின் வழுவழுப்பு போக முதல் 150 கி.மீ. வரை சாய்த்து ஓட்ட வேண்டாம். புது இன்ஜினுக்கு எவ்வளவு ஆர்.பி.எம். வரை என்பது கையேட்டில் இருக்கும், அதையும் மதியுங்கள்.

சென்னைக்காரர்களுக்கு மாமல்லபுரம் வரை கிழக்குக் கடற்கரைச் சாலை நல்ல ஆரம்பம், சனி ஞாயிறு நீங்கலாக. கடல் காற்று பக்கவாட்டில் தள்ளும்போது ஹேண்டிலை இறுக்காமல் விட்டுப் பிடிக்கப் பழகலாம். நகர நெரிசலை இரண்டாவதாக வையுங்கள். சிக்னலில் ரேடியேட்டர் ஃபேன் ஓடும்போது சூடு தொடையில் அடிக்கும், கவனம் சிதறும்.

கிராமத்து ரோட்டில் கவனிக்க வேண்டியது அறுவடைக் காலத்தில் காயப்போட்ட நெல், கம்பு. அதன் மேல் சாய்ந்தபடி போனால் சக்கரம் நிற்காது. வேகத்தைக் குறைத்து, நிமிர்ந்து, பிரேக் தொடாமல் தாண்டுங்கள். வீடு கட்டும் இடங்களில் லாரியிலிருந்து சிந்திய எம்-சாண்டும் அப்படியே. மழை ஆரம்பித்த முதல் கால் மணி நேரம் நின்றுவிடுங்கள், எண்ணெயும் தூசியும் கலந்து அப்போதுதான் அதிகம் வழுக்கும்.

சில அதிவேகச் சாலைகளில் பைக்குக்கு அனுமதியே இல்லை. பெங்களூரு மைசூரு சாலையின் பிரதான பாதையில் 2023 ஆகஸ்ட் முதல் இரு சக்கர வாகனம் போகக் கூடாது. வரைபடச் செயலி அதை எப்போதும் சொல்லாது, பலகையைப் பாருங்கள்.

11. மலை

மலைக்கு அவசரப்படாதீர்கள். யூ டர்னும் பிரேக்கும் கைவந்த பிறகுதான். ஏலகிரியில் 14 கொண்டை ஊசி வளைவு, ஏற்காட்டில் 20, ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40, கொல்லிமலையில் 70. இந்த வரிசையிலேயே போங்கள். கொல்லிமலையை முதல் மலையாக எடுத்துக்கொண்டு பாதியில் கை நடுங்கி ஓரத்தில் உட்கார்ந்திருப்பவர்களை அங்கே பார்க்கலாம்.

ஏறும்போது முதல் அல்லது இரண்டாவது கியர், வளைவின் நடுவில் கியர் மாற்றம் கூடாது. பஸ் வருகிறதா என்று மேலே அடுத்த அடுக்கைப் பாருங்கள். வந்தால் வளைவுக்கு முன்பே நேரான இடத்தில் நின்று வழிவிடுங்கள். இறங்கும்போது இன்ஜின் பிரேக்கிங்கை (ஆக்சிலேட்டரை விட்டதும் இன்ஜினே வேகத்தைக் குறைப்பதை) நம்புங்கள், ஏறின அதே கியரில் இறங்குவது நல்ல கணக்கு.

12. பின்சீட்டும் பெட்டிகளும்

தனியாகச் சில மாதம் ஓட்டிய பிறகு மட்டும். பின்னால் ஆள் ஏறியதும் நிற்கும்போது எடை மேலே போகும், பிரேக் தூரம் கூடும், மெதுவான வேகத்தில் மேலே படித்த எல்லாம் கொஞ்சம் மாறும். பின்சீட்டுக்காரருக்கும் முழுக் கவசம். அவர் எப்போது ஏற வேண்டும், இறங்க வேண்டும் என்று நீங்கள் தலையசைத்த பிறகே என்று பேசிவையுங்கள். நீங்கள் தயாராகும் முன் அவர் ஃபுட்ரெஸ்டில் ஏறி நின்றால் சாய்ந்துவிடும். பின் சஸ்பென்ஷனின் ப்ரீலோடை (ஸ்பிரிங்கின் இறுக்கத்தை) கூட்டுங்கள். காற்றையும் ஸ்விங் ஆர்மில் (பின் சக்கரத்தைப் பிடித்திருக்கும் கை) ஒட்டியிருக்கும் அளவுக்கு வையுங்கள், ரோட்டோரக் கடையில் பழக்கதோஷத்தில் சின்ன பைக் அளவுக்கே நிரப்பிவிடுவார்கள். சொந்தமாக ஒரு காற்று மீட்டர் வைத்துக்கொண்டு, கிளம்பும் முன் டயர் ஆறியிருக்கும்போது பாருங்கள்.

பக்கப் பெட்டி மாட்டினால் அகலத்தை அளந்து மனதில் வையுங்கள். டோல்கேட்டில் இரு சக்கர வண்டிக்கு இடது ஓரத்தில் விடும் சந்தில் பெட்டி இடிக்கும். பெட்டியில் கனமானது அடியில், இரண்டு பக்கமும் சமமாக. மேல் பெட்டியில் லேசானது மட்டும்.

13. முதல் நீண்ட பயணம்

ஒரு நாளில் 250, 300 கி.மீ. போதும். ஒரு மணி நேரம், மிஞ்சினால் ஒன்றே கால் மணி நேரத்துக்கு ஒரு தடவை இறங்கி ஹெல்மெட்டைக் கழற்றுங்கள், தண்ணீர் குடியுங்கள். வெயிலில் தாகம் தெரிவதற்கு முன்பே கவனம் மங்கிவிடும். இருட்டுவதற்கு முன்பே போய்ச் சேரும்படி கிளம்புங்கள், விளக்கில்லாத டிராக்டரும் ரோட்டைக் கடக்கும் மாடும் இரவில்தான்.

குழுவோடு போனால் உங்களைவிட மெதுவாகப் போகிறவரோடு போங்கள். முன்னால் போகிறவரின் வேகத்தைப் பிடிக்கப் போய்தான் திரும்பி வந்தவர்கள் வளைவில் வெளியே போகிறார்கள். சந்திக்கும் இடத்தைக் கிளம்பும்போதே பேசிக்கொண்டால் யாரும் யாரையும் துரத்த வேண்டியதில்லை.

டியூப்லெஸ் பஞ்சர் கிட், சின்ன காற்றடிக்கும் பம்பு, செயின் லூப் (செயினுக்கு அடிக்கும் எண்ணெய்), ஆர்.சி. நகல், உதிரிச் சாவி இருக்கட்டும். சாவி மட்டும் பைக்கில் இல்லாமல் உங்கள் சட்டைப் பையில். செயினுக்கு 500 கி.மீ.-க்கு ஒரு தடவை, ஓட்டி முடித்து சூடாக இருக்கும்போதே லூப் அடியுங்கள், ராத்திரிக்குள் உள்ளே இறங்கிவிடும். பின் சக்கரத்தைக் கையால் சுற்றிக்கொண்டு அடியுங்கள். இன்ஜினை ஓடவிட்டு கியரில் போட்டு அடிக்கப் போய் விரலை ஸ்பிராக்கெட்டில் (செயின் ஓடும் பல் சக்கரத்தில்) கொடுத்தவர்கள் இருக்கிறார்கள், அதை மட்டும் யார் சொன்னாலும் செய்ய வேண்டாம்.